மூக்குத்தி போட்ட மீனும் தூண்டில் போட்ட துரையும்

கொல்லிமலைன்னு தேடினா என்னென்ன வரும்னு உங்களுக்கே தெரியும். கொல்லிப்பாவை, வல்வில் ஓரி, சித்தர் குகை, எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை. நம்ம ஆளுங்க இதையெல்லாம் படத்தோட எழுதித் தீர்த்துட்டாங்க. ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையா சாய்ச்ச கதையை இன்னொரு தடவை சொன்னா நீங்க அடிக்க வருவீங்க :-)

அதனால இந்தப் பதிவு மீனைப் பத்தி. குறிப்பா, கொல்லிமலையில யாரும் பிடிக்காத மீனைப் பத்தியும், அதே காலத்துல நீலகிரியிலயும் காவிரியிலயும் விழுந்து விழுந்து பிடிக்கப்பட்ட மீனைப் பத்தியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு விஷயம் புரியுது. அதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீட்டமா எழுதறேன். பொறுமையாப் படிங்க.

அறப்பளீஸ்வரர் மடு

நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம் வழியா காரவள்ளி அடிவாரம், அங்கேர்ந்து வளைவுகள் ஏறி சோளக்காடு, செம்மேடு, அப்புறம் வளப்பூர் நாட்டுல அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்துல ஓடறது ஐயாறு. மலையில பல ஓடைங்க சேர்ந்து வர்றதால இதைப் பஞ்சநதின்னும் சொல்றாங்க. கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துல இந்த ஆறுதான் ஆகாய கங்கையா விழுது. ஆயிரம் படிக்கு மேல இறங்கிப் போய்க் குளிச்சுட்டு, ஏறும்போது சாமியைக் கூப்பிடுவோமே, அதே அருவி. அப்புறம் புளியஞ்சோலை வழியா திருச்சி மாவட்டத்துக்குள்ள இறங்கிக் கடைசியில காவிரியில சேருது. ஆக, மலை மேல இருக்கற இந்தத் தண்ணியும் காவிரித் தண்ணிதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கோயில் பழசு. தேவாரத்துல பேர் மட்டும் வர்ற வைப்புத் தலங்கள்ல ஒண்ணு. 18-ஆம் நூற்றாண்டுல அம்பலவாணக் கவிராயர் எழுதின அறப்பளீசுர சதகம் இந்தச் சாமியைக் கூப்பிட்டுத்தான் நூறு பாட்டையும் முடிக்குது. ராமநாடகக் கீர்த்தனை எழுதின சீர்காழி அருணாசலக் கவிராயரோட பிள்ளை இவர்.

இந்தக் கோயில் பக்கத்து ஆத்துல இருக்கற மீனை யாரும் பிடிக்கிறதில்ல. கதை என்னன்னா, யாரோ இந்த மீனைப் பிடிச்சு அறுத்துக் குழம்பு வச்சாங்களாம். கொதிக்கிறப்போ துண்டெல்லாம் ஒண்ணு சேர்ந்து, உயிர் வந்து, துள்ளிக் குதிச்சு ஆத்துக்கே போயிடுச்சாம். அதுலேர்ந்து மீன் சாமி மாதிரி. கோயிலுக்கு வர்றவங்க பொரி போடறாங்க, மீனும் கூட்டமா வந்து வாங்கிக்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு நேர்த்திக்கடன். வேண்டினது நடந்தா, மீனைப் பிடிச்சு, அதுக்கு மூக்குத்தி குத்தி, திரும்ப ஆத்துலயே விட்டுடறது வழக்கம்னு சொல்வாங்க. பிடிக்கணும், வாயருகே ஒரு கம்பியைச் செருகணும், உயிரோட விடணும். இதை அப்படியே கொஞ்சம் மனசுல ஓரமா வைங்க.

இறகு, கம்பளி, காட்டுக்கோழி

இப்போ கடல் தாண்டுவோம். ஃப்ளை ஃபிஷிங்னு ஒரு சமாச்சாரம். புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. ஒரு சின்னத் தூண்டில் முள்ளுல இறகு, நூல், கம்பளியெல்லாம் சுத்திப் பூச்சி மாதிரி செஞ்சு தண்ணி மேல விடணும். மீன் பூச்சின்னு நினைச்சு வாயைத் திறக்கும்.

பொறியியல் படிச்சவனுக்கு இதுல சுவாரசியமான விஷயம் ஒண்ணு உண்டு. சாதாரணத் தூண்டில்ல முள்ளுலயோ ஈயத்துலயோ இருக்கற எடைதான் நூலை இழுத்துட்டுப் போகும். இங்க பூச்சிக்கு எடையே கிடையாது, ஊதினாப் பறந்துடும். அதனால நூலையே கனமா செய்றாங்க. கழியை முன்னும் பின்னும் வீசும்போது நூல் ஒரு வளையமா விரிஞ்சு போகும், பூச்சி அதோட வால்ல தொத்திக்கிட்டுப் போய் மெதுவா உக்காரும். சாட்டை வீசற அதே கணக்கு.

மிச்சமெல்லாம் ஆத்தைப் படிக்கிற வேலை. ஓடற தண்ணியில மீன் நீரோட்டத்துக்கு எதிரா தலையை வச்சு நிக்கும், ஏன்னா சாப்பாடு மேலேர்ந்துதான் மிதந்து வரும். அதனால பிடிக்கிறவன் கீழேர்ந்து, மீனோட முதுகுப் பக்கமா வரணும். நிழல் தண்ணியில விழக் கூடாது. பாறைக்குப் பின்னாடி, வேகமான தண்ணியும் மெதுவான தண்ணியும் உரசற கோட்டுல பூச்சியை விடணும். செம்மண் கலங்கி வர்ற வெள்ளத்துல இது பலிக்காது, மீன் கண்ணால பார்த்துத்தானே வரணும். கொல்லிமலை மாதிரி ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ஞ்சு, தண்ணி தெளிஞ்சு, அதே சமயம் வத்திப் போகாம இருக்கற தை, மாசிதான் இந்தக் கணக்குக்குப் பொருந்தற காலம்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடியே ஏலியன்னு ஒரு ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவுல ஜனங்க முள்ளுல சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி மீன் பிடிக்கிறதை எழுதி வச்சிருக்கார். இங்கிலாந்துல ஐசக் வால்டன் தூண்டில் பத்தின தன் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டது 1653-ல.

சேவல் இறகுன்னதும் நம்ம ஊருக்கு வந்துடலாம். தென்னிந்தியக் காட்டுல இருக்கற சாம்பல் காட்டுக்கோழி தெரியுமில்லையா? கிழக்குத் தொடர்ச்சி மலைகள்லயும் உண்டு. அந்தச் சேவலோட கழுத்து இறகுல மெழுகு பூசின மாதிரி வெள்ளையும் மஞ்சளுமா பளபளன்னு புள்ளிங்க இருக்கும். விக்டோரியா காலத்து சால்மன் தூண்டில் பூச்சிகளுக்குக் கண்ணு வைக்க இந்த இறகுக்கு ஏக கிராக்கி. ஸ்காட்லாந்து ஆத்துல ஒரு பிரபு மீன் பிடிக்க, இங்க நம்ம காட்டுல கண்ணி வைக்கப்பட்டுச்சு. 1902-ல பிரிட்டிஷ் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உலகமயமாக்கல் 1991-லதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்றவங்களுக்கு இந்தக் கோழியைக் காட்டலாம் :-)

கலெக்டர் துரை, மருத்துவர் துரை

ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாணத்துல ஐ.சி.எஸ். அதிகாரி. தென் கன்னடத்துல கலெக்டர் வேலை பார்த்தவர். 1873-ல மங்களூர்ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு இந்திய ஆறுகள்ல தூண்டில் போடறதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதே 1873-ல, ஃபிரான்சிஸ் டே அப்படிங்கற ராணுவ மருத்துவர் இந்தியா, பர்மாவோட நன்னீர் மீன்கள் பத்தி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

ரெண்டு பேரும் ஒரே புலம்பல்தான். குஞ்சு மீனைக் கூட விடாத சின்னக் கண்ணி வலை, ஓடையை அடைச்சு மொத்தமா அள்றது, தண்ணியில நஞ்சு கலக்கறது. நம்ம ஊர் ஓடைங்கள்ல காக்கைக்கொல்லி விதையை இடிச்சுப் போட்டு மீனை மயக்கறது பழைய வழக்கம். பின்னாடி டைனமைட்டும் வந்துச்சு. இதோட முடிவுதான் 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைக்கறதும் விஷம் கலக்கறதும் குற்றம்னு அப்பவே எழுதியாச்சு.

ஆனா அதுக்கு 18 வருஷம் முன்னாடியே, 1879-ல, நீலகிரிக்கு மட்டும் தனியா வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு. ஏன் நீலகிரிக்கு மட்டும்? துரைங்க அங்கதானே இருந்தாங்க. சொந்த ஊர் மாதிரி குளிரு, சொந்த ஊர் மாதிரி புல்வெளி, ஓடையும் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் குறை, ட்ரவுட் மீன் இல்ல. 1863-ல டே முட்டைகளைக் கப்பல்ல கொண்டுவரப் பார்த்தார், தேறல. அதுக்கப்புறமும் பல முயற்சி. கடைசியில ஹெச்.சி. வில்சன்ங்கறவர் இலங்கை மலைநாட்டுலேர்ந்தும் மத்த நாடுகள்லேர்ந்தும் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து ஜெயிச்சார். 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வந்தது. சென்னை மாகாணத்துல ஃபிரடெரிக் நிக்கல்சன் தலைமையில மீன்வளத் துறை உருவானதும் அதே வருஷம்தான்.

கொல்லிமலைக்கு ஏன் இதெல்லாம் வரல? ரெண்டு காரணம். முதல்ல உயரம். ட்ரவுட்டுக்குத் தண்ணி எப்பவும் ஜில்லுனு, சுமாரா 20 டிகிரிக்குக் கீழ இருக்கணும். அவலாஞ்சி 2000 மீட்டருக்கு மேல. கொல்லிமலை மேல்தளம் 1000 முதல் 1300 மீட்டர்தான், சித்திரை வெயில்ல அந்த மீன் தாங்காது. ரெண்டாவது, காய்ச்சல். கொல்லிமலைக்கு மலேரியா மலைன்னு அந்தக் காலத்துல பேரு. பக்கத்துல ஏற்காட்டுல சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-கள்லயே காப்பி போட்டு, பங்களா, சர்ச், பள்ளிக்கூடம்னு வளர்ந்துச்சு. கொல்லிமலையில துரைமார் குடியேற்றமே பெருசா நடக்கல. கிளப்பும் வரல, தூண்டில் லைசென்ஸும் வரல, வெளிநாட்டு மீனும் வரல. மலையாளி மக்களும் அவங்க நாடுகளும் அவங்க சாமியும் அப்படியே இருந்தாங்க. (கேரளா மலையாளின்னு குழப்பிக்காதீங்க, மலையை ஆள்றவங்க.)

ஒரு கொசு காப்பாத்தின ஆறுன்னு சொல்லலாம்.

காவிரியில ஒரு நோட்டுப் புத்தகம்

இப்போ காவிரி. ஐயாறு போய்ச் சேர்ற அதே காவிரி, ஆனா மேல, கர்நாடக எல்லைப் பக்கம். அங்க ராஜா மகசீர். கெண்டைக் குடும்பம்தான், ஆனா ஆள் உசரம். 1946-ல மைசூர் வான் இங்கன் குடும்பத்து டி வெட் வான் இங்கன், காவிரியோட கிளை ஆறான கபினியில பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அந்தக் குடும்பத்துத் தொழிலே புலி, யானையைப் பாடம் பண்றதுதான். அந்தக் காலத்துல பிடிச்சா கொல்றதுதான் வழக்கம். ஃபோட்டோ எடுத்துட்டு அடிச்சு முடிச்சுடுவாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் துரைங்க போயிட்டாங்க, உலகம் இந்த மீனைக் கொஞ்சம் மறந்தே போச்சு. 1977-78-ல மூணு இங்கிலாந்துக்காரங்க தேடிவந்து, காவிரியில பெரிய மகசீர் இன்னும் இருக்குன்னு காட்டினாங்க. அதுக்கப்புறம் கலிபோரே, பீமேஸ்வரி, தொட்டமக்களின்னு கரையோர முகாம்கள். பணம் கட்டித் தூண்டில் போடலாம், ஆனா பிடிச்ச மீனை எடை போட்டுட்டுத் திரும்ப விட்டுடணும். முன்னாடி திருட்டுத்தனமா வெடி வச்சவங்கள்ல சிலருக்கே வழிகாட்டி வேலை கிடைச்சுது.

பிடிச்சு விடற இந்தக் கொள்கையை நவீன உலகத்துல பரப்பினவர்னு அமெரிக்காவோட லீ வுல்ஃபைச் சொல்வாங்க. 1939-ல வந்த அவரோட புத்தகத்துலதான் அந்த வாதம். நம்ம மூக்குத்தி மீனை இப்போ மனசுலேர்ந்து வெளிய எடுங்க. பிடி, குத்து, விடு. கொல்லிமலையில பக்தின்னு பேரு, அங்க ஸ்போர்ட்னு பேரு.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. காவிரி முகாம்ல ஒவ்வொரு மீனையும் எழுதி வச்சாங்க. தேதி, எடை, எந்த வகை, எத்தனை மணி நேரம் காத்திருந்து கிடைச்சது. மென்பொருள் பாஷையில சொன்னா, லாக் ஃபைல். கலிபோரே முகாமோட 1998 முதல் 2012 வரைக்குமான இந்தக் குறிப்பை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூணு பேரும் எடுத்து ஆராய்ந்து 2015-ல வெளியிட்டாங்க. மொத்த மகசீர் எண்ணிக்கை கூடியிருந்துச்சு. எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஆனா வகை வாரியாப் பிரிச்சுப் பார்த்தா வயிறு கலங்கும். கூடினது நீலத் துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர், அந்த 54 கிலோ ராட்சச வகை, அடியோட குறைஞ்சு போயிருந்துச்சு.

நீலத் துடுப்பு எங்கேர்ந்து வந்தது? மகாராஷ்டிரா லோனாவ்லாவுல 1970-கள்ல டாடா மின் நிறுவனம் ஒரு மகசீர் குஞ்சுப் பண்ணை ஆரம்பிச்சது. நல்ல எண்ணத்துல, அழியற மீனைக் காப்பாத்தத்தான். அந்தக் குஞ்சுகள் பல மாநிலத்துக்கும் போச்சு, காவிரியிலயும் விடப்பட்டுச்சு. மகசீர்னா எல்லாம் மகசீர்தானேங்கற நினைப்பு. அணை, மணல் அள்றது, வெடின்னு மத்த காரணங்களும் உண்டு. ஆனா வெளியூர் வகை வந்து நிறைஞ்சதும் உள்ளூர் வகை ஒதுங்கினதும் ஒரே காலத்துல நடந்திருக்கு.

இதுல இன்னொரு கொடுமை. உலகப் புகழ் பெற்ற இந்தக் கூன்முதுகு மீனுக்கு 2018 வரைக்கும் உறுதியான அறிவியல் பேரே கிடையாது. அந்த வருஷம்தான், கேரளாவோட பாம்பாறுல முன்னாடியே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவிதான் இதுன்னு நிரூபிச்சாங்க. பாம்பாறு அமராவதியில சேர்ந்து காவிரிக்கு வர்ற தண்ணி. சென்னையில இந்திய விலங்கியல் அளவாய்வுல வேலை பார்த்த மீனியல் அறிஞர் ரெமாதேவியோட பேர்தான் அது. பேர் உறுதியான அதே 2018-லயே உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட சிவப்புப் பட்டியல்ல, அழிவோட விளிம்புல இருக்கற வகைன்னு ஏத்திட்டாங்க. பேர் வச்ச வருஷத்துலயே ஐசியூவுல. நம்ம நீலகிரிக்குக் கீழ ஓடற மோயாறுல இன்னும் இருக்குங்கறதுதான் ஆறுதல்.

அந்த லாக் ஏன் 2012-ல நிக்குதுன்னா, சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடறதும் வேட்டைக் கணக்குதான்னு 1972 வனவிலங்குச் சட்டப்படி முகாம்கள்ல மீன்பிடி நிறுத்தப்பட்டுச்சு. சட்டப்படி சரி. ஆனா தூண்டிலோட சேர்ந்து நோட்டுப் புத்தகமும் மூடிப்போச்சு.

மூணு காவல்காரங்க

ஆக, நம்ம ஆத்து மீனுக்கு இந்த 150 வருஷத்துல மூணு காவல்காரங்க. சாமி, சட்டம், ஸ்போர்ட்.

ஸ்போர்ட் தனக்குப் பிடிச்ச மீனைத்தான் காப்பாத்தும். பெருசா, இழுத்தா சண்டை போடறதா இருக்கணும். பாறையில ஒட்டிக்கிட்டுப் பாசி தின்னற விரல் நீள மீனுக்கு எந்தக் கிளப்பும் சட்டம் கேக்கல. ஆனா எழுதி வச்சான், அதனாலதான் கூன்முதுகு போறது நமக்குத் தெரிஞ்சுது.

சட்டம் 1897-லயே வந்துடுச்சு. வெடி இன்னும் வெடிச்சிட்டுத்தான் இருக்கு.

சாமி இருக்கறதுலயே மலிவான காவல். ஒரு வாட்ச்மேன் இல்ல, ஒரு ரூபாய் பட்ஜெட் இல்ல. பெரிய மீன், சின்ன மீன், பேர் தெரியாத மீன்னு பாகுபாடும் கிடையாது. ஆனா அதுக்கும் எல்லை உண்டு. தாமஸ் கலெக்டரா இருந்த அதே தென் கன்னடத்துல சிசிலான்னு ஒரு ஊர். கபிலா ஆத்தங்கரைக் கோயில், மகசீர் மீனுக்குப் பொரி போடுவாங்க. 1996-ல யாரோ ஆத்துல விஷம் கலந்து ஆயிரக்கணக்குல மீன் செத்து மிதந்துச்சு. செத்த மீனுக்கு ஊர்க்காரங்க நினைவுச் சின்னமே வச்சிருக்காங்க. நம்பிக்கை இல்லாத ஒருத்தன் போதும், ஒரு ராத்திரி போதும்.

அதைவிட முக்கியம், சாமி மீனைக் காப்பாத்தும், மடுவைக் காப்பாத்தும். மேலேர்ந்து வர்ற தண்ணியை யார் காப்பாத்தறது? கொல்லிமலையில 20 மெகாவாட் நீர்மின் திட்டம்னு ரொம்ப வருஷமா பேசி, 2020-கள்ல வேலைக்கு வந்திருக்கு. ஓடைங்க குறுக்க சின்னச் சின்ன தடுப்பணை, தண்ணியைத் திருப்பிக் கீழ கொண்டுபோய் மின்சாரம். ஐயாத்துத் தண்ணியை நம்பியிருக்கற கீழ்ப்பகுதி விவசாயிங்க எதிர்த்துக் குரல் கொடுத்தாங்க. அவங்களுக்கு நெல்லு, வெத்தலைன்னு சொல்லிக்காட்ட ஒரு கணக்கு இருக்கு. மீனுக்கு என்ன கணக்கு இருக்கு? அது சார்பா மேஜை மேல வைக்க ஒரு காகிதம் வேணுமே. மின்சாரம் வேண்டாம்னு நான் சொல்லல, என் பொழப்பே மின்சாரத்துலதான் ஓடுது. கோடை மாசத்துல மடுவுக்கு இவ்வளவு தண்ணி விட்டே ஆகணும்னு கேக்கறதுக்கு, அங்க என்னென்ன மீன் இருக்கு, எந்த மாசம் முட்டை போடுது, எவ்வளவு ஆழம் வேணும்னு எழுதின ஒரு தாள் வேணும்.

தூண்டில் போட்டு எழுதணும்னு அவசியமில்ல. கோயில் பக்கம் தூண்டிலோட போகவும் கூடாது, அது அவங்க இடம், அவங்க வழக்கம். பொரி போடும்போது மீன் மேல வருதில்ல, கைப்பேசியில தெளிவா ஒரு படம், தேதி, தண்ணி எந்தப் படி வரைக்கும் இருந்துச்சுன்னு ஒரு வரி. நாமக்கல், சேலம், துறையூர்ப் பக்கம் இருக்கற நம்ம மக்கள் வருஷத்துக்கு நாலு பேர் போனாலே பத்து வருஷத்துல ஒரு லாக் கிடைச்சுடும். அப்படியே அங்க இருக்கற பெரியவங்ககிட்ட ஒவ்வொரு மீனுக்கும் அவங்க சொல்ற பேரையும் கேட்டு எழுதிடுங்க. தமிழ்ப் பேரோட எழுதுங்க, லத்தீன் பேரை மீனியல்காரங்க பின்னாடி வச்சுக்கட்டும்.

காவிரியில ஒரு ராட்சசன் போறது, யாரோ வெள்ளைக்காரனும் வழிகாட்டியும் பொழுதுபோகாம எழுதி வச்ச நோட்டுனால தெரிஞ்சுது. ஐயாத்து மீனுக்கு மூக்குத்தி குத்த ஆள் இருக்கு, பொரி போட ஆள் இருக்கு. எழுதி வைக்கத்தான் ஆள் வேணும். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா வரும்போது எப்படியும் கூட்டமா மலையேறுவீங்க. பொரியோட ஒரு பேனாவும் எடுத்துட்டுப் போங்க.